காந்த வண்டிக்கு ஒரு நிறுத்தம்

ஜன்னலோரம் நீங்களே இருங்க தம்பி, எனக்கு எதுத்த சீட்டு போதும். காதுல மாட்டியிருந்ததக் கழட்டிட்டீங்க, நெம்ப சந்தோசம். இனி இப்பத்திக்கு வண்டிய எடுக்க மாட்டானுங்க. பின்னால எக்ஸ்பிரஸ் ஒண்ணு வருது. அத முன்னால உட்டுட்டுத்தான் நம்மள உடுவான். அதுக்குப் பின்னால இன்னொண்ணு வந்தா அதையும் உடுவான். பாசஞ்சர்ல ஏறிட்டா பொறுமை வேணுமுங்க.

நான் அதிகமாப் பேசற ஆளு இல்லீங்க. ஆராச்சும் கேட்டாச் சொல்லுவேன், அவ்வளவுதான். நீங்க இப்ப வாட்சப் பாத்துட்டு உச்சுக் கொட்டுனீங்கள்ல, அது கேட்ட மாதிரித்தானே. அதனால சொல்றேன்.

இந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே இந்நேரம் இன்னொரு வண்டிக்குத் தூணு நிக்க வேண்டியதுங்க. காந்த வண்டி. கேள்விப்பட்டிருப்பீங்க, படிச்ச புள்ள. கீழ தடத்துல காந்தம், வண்டியோட அடியில காந்தம். வண்டி வேகம் புடிச்சதும் எந்திரிச்சு அந்தரத்துல நின்னுக்கும். எதையும் தொடாம அப்படியே வழுக்கிட்டுப் போகும். ஜப்பான்காரன் ஓட்டிப் பாத்துட்டானாம். மெட்ராஸ்ல ஏறி உக்காந்து, கொண்டு வந்த இட்லிப் பொட்டணத்தப் பிரிச்சுத் தின்னு கை கழுவிட்டு வந்தா கோயமுத்தூரு. அந்த வண்டி எங்கூர்ல நிக்கோணும்னு ஒரு கமிட்டி போட்டமுங்க. தலைவர் நாந்தான். செயலாளர், பொருளாளர் போடறதுக்கு ஆளு அமையல. அதனால அதையும் நானே பாத்துக்கிட்டேன்.

எம்பேரு சென்னியப்பன். ஊத்துப்பாளையத்துல தென்னந்தோப்பு இருக்குது, ரோட்டு மேல எண்ணெய்ச் செக்கு இருக்குது. 'தங்கநாச்சி மரச்செக்கு எண்ணெய்'னு மஞ்ச போர்டு. பஸ்ஸுல போனா தெரியாம இருக்காது. தங்கநாச்சிங்கறது என்ற பேத்தி. அவங்கப்பனும் அம்மாளும் இனியான்னு வெச்சிருக்கறாங்க. ஆனா நான் கொழந்த பொறந்த அன்னிக்கே போர்டு எழுதக் குடுத்துட்டேனுங்க. எழுதுன போர்ட எப்படீங்க மாத்தறது? பேர மாத்தறது சுலுவு. அதத்தான் சொன்னேன். அதுக்கு என்ற மவன் ஒரு மாதிரி பாத்தான்.

மவன் பேரு லோகநாதன், லோகு. ஒரே பையன். மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. கூட வேலை பாக்கற புள்ளையவே கட்டிக்கிட்டான். சுபலட்சுமின்னு பேரு, திருநெல்வேலிப் பக்கம். நான் ஒண்ணுமே சொல்லலீங்க. மூணு மாசம் அவங்கூடப் பேசலைங்கறது வேற விசயம். பேசுனாத்தானே ஏதாச்சும் சொல்ல முடியும்? அதனால சொல்லலேன்னுதான் ஆவுது.

மருமகளத் தங்கமாத்தான் வெச்சுக்கிட்டேன். மொத மொதல்ல வந்தப்ப வெடியால அஞ்சு மணிக்கெல்லாம் எழுப்பித் தோப்பச் சுத்திக் காட்டுனேன். அலுப்பா இருக்குதுன்னாங்க. காலைக் காத்து ஒடம்புக்கு நல்லதுன்னு சொன்னேன். அந்தப் புள்ள வெக்கற சாம்பாரு நல்லாத்தான் இருக்கும். இதுல வெல்லம் ஒரு துளி கொறையுதுன்னு சொன்னேன். அது கொறையாச் சொன்னதில்லீங்க, வெல்லம் கொறஞ்சதச் சொன்னது. அப்புறம் லேப்டாப்ப வெச்சுக்கிட்டு ஆபீஸ் மீட்டிங் பேசிட்டிருந்துச்சு. வெள்ளக்காரன் ஒருத்தன் திரையில தெரிஞ்சான். மரியாதைக்கு நானும் பின்னால நின்னு ஒரு கும்புடு போட்டு, எங்கூர்ல மழை எப்படி, அவங்கூர்ல மழை எப்படின்னு நாலு வார்த்தை விசாரிச்சேன். அந்த மனுசன் சிரிச்சான். மருமக சிரிக்கல. வேலை டென்சன் பாவம்.

இப்படி இருக்கையில அவங்க வர்றது கொறஞ்சு போச்சுங்க. மொதல்ல மாசா மாசம் வந்தாங்க. அப்புறம் பொங்கலுக்கும் தீவாளிக்கும். அப்புறம் தீவாளிக்கு மட்டும். ஒரு தீவாளிக்கு அதுவும் இல்ல. நான் நேராவே போன் போட்டுக் கேட்டுட்டேன், ஏன்டா வர்றதில்லீன்னு. மொதல்ல ஆபீஸ்ல வேலைன்னான். அப்புறம், "தூரம்ப்பா. கொழந்தைய வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் வர முடியறதில்ல" அப்படீன்னான்.

அவஞ் சொன்னது நாயமுங்க. தூரம். வேற என்ன இருக்க முடியும்? சின்னக் கொழந்தையக் கூட்டிக்கிட்டு அத்தன மணி நேரம் வரோணும்னா ஆருக்குத்தான் அலுக்காது? எங்கூட்டம்மா துளசிமணி பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தா. தூரந்தானாம்னு அவகிட்டச் சொன்னேன். அவ என்ன மொறச்சுப் பாத்துட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. அவளுக்கும் தூரத்து மேல அவ்வளவு கோவம்.

அந்த வருசந்தானுங்க காந்த வண்டிச் சேதி வந்துச்சு. பேப்பர்ல படம் போட்டிருந்தான், வெள்ளையா, மூக்கு நீண்டு, கொக்காட்டம். மெட்ராஸ்ல இருந்து கோயமுத்தூருக்கு ஆய்வு பண்றாங்கன்னு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. தூரந்தான் கொறைன்னு பையன் சொல்றான். அந்தத் தூரத்தையே சுருட்டிப் போடற வண்டி நம்ம ஊட்டு வழியா வருது. இது தெய்வச் செயலில்லாம வேற என்னங்க?

அப்புறம் நான் சும்மா இருப்பனா? கமிட்டியப் போட்டேன். ஆய்வுக்காரங்க எங்கூர்க் கல்யாண மண்டபத்துல ஒரு விளக்கக் கூட்டம் வெச்சாங்க. தாரணின்னு ஒரு இன்ஜினியர்ப் புள்ள வந்துச்சு. சின்னப் புள்ள, ஆனா நல்லா வெவரமாச் சொல்லுச்சு. திரையில கோடு போட்டுக் காட்டுச்சு. கோடு எங்கூர்மேல, சொல்லப் போனா என்ற தோப்பு மேலயே போவுது. ஆனா புள்ளி வெச்சிருந்தது மெட்ராஸ், சேலம், கோயமுத்தூரு மட்டும். புள்ளி வெச்ச எடத்துலதான் வண்டி நிக்குமாம்.

நான் எந்திரிச்சு, ஊத்துப்பாளையத்துல ரெண்டே நிமிசம் நின்னா என்ன கொறஞ்சு போவுதுன்னு கேட்டேன். அந்தப் புள்ள பொறுமையாச் சொல்லுச்சு. இந்த வேகத்துல வர்ற வண்டி நிக்கோணும்னா ரெண்டு மூணு ஊருக்கு முன்னாலயே பிரேக் போடோணுமாம். நின்னு கெளம்புனா மறுக்கா வேகம் புடிக்க அதே அளவு தூரம் வேணுமாம். ஊருக்கு ஊரு நின்னா இந்தப் பாசஞ்சரும் அதுவும் ஒண்ணாப் போயிருமாம். செரி, நிக்க வேண்டாம், எங்கூரு வர்றப்ப கொஞ்சம் மெதுவாப் போவட்டும், வயசுப் பசங்க எறங்கிக்குவாங்கன்னு சொன்னேன். மண்டபமே சிரிச்சுதுங்க. என்ற யோசனை எல்லாத்துக்கும் புடிச்சுப் போச்சு.

அன்னிக்கு மத்தியானம் அந்தப் புள்ளைய ஊட்டுக்குச் சாப்படக் கூட்டிட்டுப் போனேன். பசியில ஒக்காந்திருந்துச்சு பாவம். அரிசிம்பருப்புச் சோறு. ரசிச்சுச் சாப்புட்டுச்சு. நான் எங்கூருக்கு ஏன் நிறுத்தம் வேணும்னு மொதல்ல இருந்து சொல்லிட்டு இருந்தேன். அந்தப் புள்ள மட்டும் ரெண்டு தடவ குறுக்க ஏதோ சொல்ல வந்துச்சு. கடைசியா நான் தண்ணி குடிக்கையில சொல்லிப் போட்டுது. "ஐயா, இது வெறும் ஆய்வுதான். வருமான்னே இன்னும் முடிவாகல. வந்தாலும் முப்பது வருசம் ஆகலாம். வராமலே போனாலும் போகலாம்."

ஆகலாம்னுதானே சொல்லுச்சு? ஆகும்னு சொல்லலியே. 'லாம்'னா நம்ம பக்கமும் வர வாய்ப்பிருக்குதுன்னு அர்த்தம். துளசி அந்தப் புள்ளைகிட்ட, அவருக்கு நல்லாப் புரியற மாதிரி இன்னொருக்காச் சொல்லு கண்ணுன்னா. எனக்கு மொதத் தடவையே புரிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன்.

ஆனா ஊர்க்காரங்க வேற மாதிரி கெளம்பிட்டாங்க. தூணு வந்தா தோப்புப் போவும், கெணறு போவும்னு எல்லாரும் எதுப்பு. என்ற தோப்ப ஒட்டுன தோப்பு நாச்சிமுத்தோடது. பங்காளி. அவன் கெணத்துக்கு நேரா கோடு போவுது. எதுப்புக் கமிட்டிக்கு அவன் தலைவர். அவனுக்குச் செயலாளர், பொருளாளர், துணைத்தலைவர் ரெண்டு பேருன்னு எல்லாம் இருந்தாங்க. கூட்டம் சேந்துட்டா நாயம் அந்தப் பக்கம்னு ஆயிருமுங்களா?

அளக்க வந்தவங்க என்ற தோப்புல வரிசையாக் கல்லு நட்டுட்டுப் போனாங்க. ஆருமே நெலந்தர மாட்டேங்கறாங்க, நாமளாச்சும் முன்னால நிக்கோணும்னு எனக்குத் தோணுச்சு. அந்தக் கல்லு வரிசையில நின்ன தென்னைகள ஆள உட்டு வெட்டிப் போட்டேன். ஆரும் வெட்டச் சொல்லலதான். தடம் சுத்தமா இருந்தா சீக்கிரம் வேலை நடக்கும்னு ஒரு நெனப்பு. காய்ப்புல இருந்த மரங்கதான். துளசி வந்து பாத்தா. உழுந்து கெடந்த குரும்பையக் கையில எடுத்து, பாத்துட்டு, மறுக்கா அதே எடத்துல வெச்சுட்டுப் போனா. அன்னிக்கிருந்து ஒரு வாரம் எனக்குச் சோறு மட்டுந்தான் போட்டா, பேச்சு இல்ல. நாச்சிமுத்து வேலியோரம் நின்னு, "என்னண்ணா, காந்த வண்டி கெளம்பிருச்சாட்ட இருக்குது"ன்னான். நான் காதுல வாங்கல.

லோகுவுக்கு மட்டும் ஒவ்வொண்ணா போன்ல சொல்லிட்டே இருந்தேன். கல்லு நட்டாச்சு, மரம் வெட்டியாச்சு, மனுக் குடுத்தாச்சு, இனி மெட்ராசும் ஊத்துப்பாளையமும் பக்கத்துப் பக்கத்து ஊரு, ஞாயித்துக்கெழமை மத்தியானச் சோத்துக்கு வந்துட்டு சாயங்காலம் போயரலாம்னு. அவன் "வரட்டும்ப்பா, பாக்கலாம்"பான். குரலு ஒரு மாதிரி கம்மிப் போயிருக்கும். சந்தோசத்துல அடைச்சுக்கும்போல இருக்குதுன்னு நெனச்சுக்குவேன். மெட்ராஸ்ல மழையாடான்னு கேப்பேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, மழைதான்ப்பாம்பான்.

இதுக்கெடையில துளசிக்கு முட்டிவலி வந்துருச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கோயமுத்தூரு போயி வைத்தியம் பாத்துட்டு வருவா. நானும் வர்றேன்னா, வேண்டாம், நீங்க கமிட்டி வேலையப் பாருங்கம்பா. முட்டிவலிக்காரி காலையில எந்திரிச்சு முறுக்குச் சுட்டு டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போவா. ஆருக்குன்னு கேட்டா டாக்டருக்குன்னா. ஒரு தடவ சின்னதா ஒரு பாவாடை தச்சு எடுத்துட்டுப் போனா. அது டாக்டரு மவளுக்காம். நல்ல டாக்டராட்ட இருக்குது, அதான் இவ்வளவு பாசமா இருக்கறான்னு நெனச்சுக்கிட்டேன். வலியும் கொறஞ்சுருச்சுங்க. போயிட்டு வர்ற அன்னிக்கெல்லாம் மொகம் அப்படியொரு தெளிவா இருக்கும்.

அந்தா எக்ஸ்பிரஸ் போவுது பாருங்க. ஒரே தூசி. கொஞ்சம் ஜன்னல எறக்கிக்கங்க. இல்லீங்க, நம்ம வண்டி இப்ப எடுக்காது. இன்னொண்ணு வருது போல.

அப்புறம் கோயமுத்தூர்ல பெரிய கூட்டம் ஒண்ணு வெச்சாங்க. பொதுமக்கள் கருத்துக் கேக்கறதுக்கு. நாச்சிமுத்து வேன் புடிச்சு ஆளுகளக் கூட்டிட்டு வந்தான். எங்க கமிட்டி பஸ்ஸுல போச்சு. நாந்தானே கமிட்டி, ஒரே டிக்கெட்டு. ஒவ்வொருத்தரா மைக்குல பேசுனாங்க. எல்லாம் வேண்டாம் வேண்டாம்னுதான். என்ற மொறை வந்துச்சு. எழுதி வெச்சிருந்ததச் சட்டைப் பையில தேடுனேன், காணம். செரின்னு வாயில வந்ததச் சொன்னேன்.

"ஐயா, என்ற மவன் கெட்டவன் இல்லீங்க. தூரந்தான் கெட்டது. அந்தத் தூரத்த மட்டும் எடுத்துருங்க. நெலம் நான் தர்றேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம். பேத்திக்குப் பல்லு மொளச்சதையும் நான் போட்டோவுலதான் பாத்தேன், அது விழுந்ததையும் போட்டோவுலதான் பாத்தேன்."

நெம்ப நேரம் பேசணும்னு நெனச்சேன். அதுக்கு மேல வரல. மைக்கக் குடுத்துட்டு வந்து உக்காந்துட்டேன். எதுப்புக் கோஷம் போட வந்தவனுங்க ஒருத்தனும் போடல. நாச்சிமுத்து தண்ணி பாட்டில எங்கிட்ட நீட்டுனான். அவனுக்கு அவ்வளவு தோல்வி பயம்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்டாங்க. எனக்குப் பசியில்ல. வெளிய வந்து கொஞ்சம் நடந்தேன். பக்கத்துல ஒரு பார்க்கு. உள்ள நெழலு நல்லா இருந்துச்சு. அங்க, ஒரு பெஞ்சுல, காலையில வைத்தியத்துக்குன்னு கெளம்புன துளசி உக்காந்திருந்தா.

மடியில முறுக்கு டப்பா. பக்கத்துல லோகு, கழுத்துல ஆபீஸ் அட்டை. எதுத்தாப்பல ஊஞ்சல்ல என்ற பேத்தி, அந்தச் சின்னப் பாவாடையக் கட்டிக்கிட்டு. மருமக ஊஞ்சல ஆட்டிட்டு இருந்துச்சு.

நான் கூப்படலாம்னு வாயத் தொறந்தேன். சத்தம் வரலீங்க. எனக்கே அது புதுசு. ஒரு மரத்துக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டேன். கொழந்த ஊஞ்சல்ல இருந்து எறங்கி வந்து என்னமோ கதை சொல்லுச்சு. கைய அகலமா நீட்டிச் சொல்லுது, குனிஞ்சு சொல்லுது, நடந்து காட்டுது. முடியற கதையாத் தெரியல. மூணு பேரும் ஒரு வார்த்தை குறுக்க பேசாமக் கேட்டுட்டு இருந்தாங்க. அது அவ்வளவு பேசும்னே எனக்குத் தெரியாதுங்க. எங்கிட்ட வந்தா வாயே தொறக்காது. நாந்தான் பாவம் கொழந்தைக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு அதுக்கும் சேத்துப் பேசுவேன்.

அங்கிருந்து அப்படியே பஸ் ஏறி ஊருக்கு வந்துட்டேன். சாயங்காலம் துளசி வந்தா. முட்டி எப்படி இருக்குதுன்னு கேட்டேன். தேவலீங்கன்னா. நான் ஒண்ணும் கேக்கல.

நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு மொகத்துலயே தெரியுது. அதெல்லாம் இல்லீங்க. கோயமுத்தூருக்கு மாத்தலாகி வந்ததச் சட்டுன்னு சொல்லாம, ஒரு நல்ல நாள் பாத்துச் சொல்லி எனக்கொரு சந்தோசத்தக் குடுக்கலாம்னு எல்லாரும் சேந்து ரகசியமா வெச்சிருக்கறாங்க. சர்ப்ரைஸ்னு சொல்றீங்கள்ல, அது. ஏழெட்டு மாசம் வெக்கற சர்ப்ரைஸ் லேசுப்பட்டதில்லையே. அத நாம போயிக் கெடுக்கலாமுங்களா? அதனால வழக்கம்போலவே இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு போன் போட்டு மெட்ராஸ்ல மழையாடான்னு கேட்டேன். மழைதான்ப்பான்னான். செரி, கொடை எடுத்துட்டுப் போன்னு சொன்னேன். வெளிய இங்க நல்ல வெயிலு. போன வெச்சுட்டு அந்த வெயில்லயே கொஞ்ச நேரம் நின்னேன். எதுக்குன்னு தெரியல.

நான் மைக்குல பேசுனத எவனோ போன்ல எடுத்துப் போட்டுட்டான். அது எங்கெங்கயோ சுத்தி லோகுவோட ஆபீசுக்கே போயிருச்சு. கேண்டீன்ல எவனோ போட்டுக் காட்டி, இந்தப் பெரியவர் பேசறதக் கேளுங்கன்னானாம். லோகு கேட்டுட்டுச் சாப்பாட்ட மூடி வெச்சுட்டானாம். இதெல்லாம் மருமக பின்னால சொல்லுச்சு.

அந்த ஞாயித்துக்கெழமை வாசல்ல கார் வந்து நின்னுது. மூணு பேரும் எறங்குனாங்க. லோகு மொகத்தப் பாத்தேன். சின்ன வயசுல பள்ளிக்கொடத்துல ஜன்னல ஒடைச்சுட்டு வந்து நின்னான், அதே மொகம். அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள நான் ஆரம்பிச்சுட்டேன். மெட்ராஸ்ல இருந்து அவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்திருக்கறே, அலுப்பா இருக்கும், மொதல்ல போயிப் படு. "இல்லப்பா, நாங்க..."ன்னான். ரோடு எப்படி, டோல்கேட்ல கூட்டமான்னு கேட்டேன். "அப்பா, ஒண்ணு சொல்லணும்"னான். காந்த வண்டி மட்டும் வந்துட்டா இந்தச் செரமமே இல்லன்னு அத ஒரு பாட்டம் சொன்னேன். எனக்குத் தெரியுமுங்க அவன் என்ன சொல்ல வர்றான்னு. சொல்லிட்டா அவன் தலை குனிஞ்சு போவும். அத நான் பாக்கோணுமா? அதுதான் நிறுத்தாமப் பேசுனேன். அவ்வளவு பேசுனது எனக்கே அலுத்துப் போச்சு.

மருமகதான் தண்ணிச் சொம்பக் கீழ வெச்சுட்டு எம்முன்னால வந்து நின்னுச்சு.

"மாமா, ஒரு நிமிசம். நாங்க கோயம்புத்தூருக்கு வந்து ஏழெட்டு மாசம் ஆச்சு. உங்ககிட்ட சொல்லல."

"தெரியும் சாமி"ன்னேன்.

துளசி அடுப்படியில இருந்து வந்து, எப்பத் தெரியும்னு கேட்டா. கூட்டத்தன்னிக்குப் பார்க்குல பாத்தேன்னு சொன்னேன். "பாத்தீங்களா? பாத்துட்டுப் பேசாமயா வந்தீங்க? நீங்களா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். அவ அப்படியே செவுத்தப் புடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்துட்டா. முட்டிவலி திரும்ப வந்துருச்சு போலிருக்குது.

லோகு எந்திரிச்சுத் தோப்புக்குள்ள போயிட்டான். நானும் பின்னாலயே போனேன். வெட்டுன மரத்து அடிமொட்டு வரிசையா நிக்குதுல்ல, அங்க நின்னுட்டு இருந்தான்.

"ஏம்ப்பா இதெல்லாம் வெட்டுனீங்க?"

"வண்டி வரோணுமல்லோ."

"அது இங்க நிக்காதுன்னு அந்த இன்ஜினியர் சொன்னாங்களாமே. அம்மா சொன்னாங்க."

"நிக்காதுதான். எனக்கும் தெரியும். ஆனா நீ மேல போறப்ப ஜன்னல் வழியா இங்க ஒருக்காப் பாத்திருப்பீல்ல."

அவன் மேல அண்ணாந்து பாத்தான். ஒரு அடிமொட்டு மேல உக்காந்தான். நானும் பக்கத்துல உக்காந்தேன். சொன்னா நம்ப மாட்டீங்க, நெம்ப நேரம் ரெண்டு பேரும் பேசவே இல்ல. காத்தடிச்சா ஓலைச் சத்தம் வரும். அந்த வரிசையிலதான் மரம் இல்லியே, அதனால அதுவும் அந்தளவுக்கு இல்ல. அப்புறம் அவன் என்ற கையப் புடிச்சுக்கிட்டு, "நான் எதுக்கு வரலைன்னா அப்பா"ன்னு ஆரம்பிச்சான். நான் பேசாம இருந்தேன். அவனே முழுசாச் சொல்லட்டும்னு. என்னென்னமோ சொன்னான். சாம்பாருங்கறான், போர்டுங்கறான், வெள்ளக்காரங்கறான். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். பாவம், இத்தன வருசம் மனசுக்குள்ள எதையெதையோ போட்டுக் கொழப்பிட்டு இருந்திருக்கறான். தூரத்துல இருந்தா அப்படித்தானுங்க, நெனப்பெல்லாம் கோணலாப் போயிரும்.

திட்டத்தக் கெடப்புல போட்டுட்டாங்க. தாரணிப் புள்ளையே போன் போட்டுச் சொல்லுச்சு. வருத்தமா ஐயான்னு கேட்டுச்சு. அடுத்த தடவ கோயமுத்தூரு பக்கம் வந்தா சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். நாச்சிமுத்து ஒரு டெம்போவுல தென்னம்பிள்ளை கொண்டு வந்து எறக்குனான். "வண்டி போன தடத்துல நட்டு வெய்யண்ணா"ன்னு சிரிக்கறான். அவன் நக்கலுக்குப் பயந்து நடாம உட முடியுமுங்களா? அவனும் நானுமாச் சேந்துதான் குழி வெட்டுனோம். எல்லாம் வேர் புடிச்சிருச்சு.

இப்பப் புள்ளைக்குப் பள்ளிக்கொட லீவு. மருமகளும் பேத்தியும் எங்கூட்டுலதான் இருக்கறாங்க. லோகு சனிக்கெழமையானா வந்துருவான். மருமக முன்ரூம்புல லேப்டாப்ப வெச்சு வேலை பாக்குது. வந்த மொத நாளே எங்கிட்டத் தெளிவாச் சொல்லிருச்சு. "மாமா, கோவிச்சுக்கக் கூடாது. எனக்கு மீட்டிங் இருக்கறப்ப ஊட்டுல சத்தமே கேக்கக் கூடாது." கோவிக்கறதுக்கு என்ன இருக்குது? நாயமாத்தானே சொல்லுது. ஆனா சத்தம் போடாம ஊட்டுல இருக்கறது எனக்குச் செரிப்படல. ரெண்டு நாள் இருந்து பாத்தேன். செக்குல போயி உக்காந்தா அங்க செக்குச் சத்தத்துல நாம பேசறது ஆருக்கும் கேக்க மாட்டேங்குது. அதுக்குத்தான் இந்தப் பாசஞ்சரு. காலையில ஏறுனா ஈரோடு வரைக்கும் போயிட்டு எதுத்தாப்பல வர்ற வண்டியில திரும்பிக்குவேன். எனக்கு ஈரோட்டுல ஒரு வேலையும் இல்லீங்க. நாலு நல்ல மனுசங்களப் பாத்தாப்பலயும் இருக்கும்.

பேத்தி எங்கிட்ட இப்ப நல்லாப் பேசுதுங்க. நேத்து ஒரு கதை சொல்லுச்சு, ஒரு ஆனைக்குப் பல்லு விழுந்த கதை. நடுவுல ரெண்டு தடவ நான் திருத்தம் சொன்னேன். "தாத்தா, கையத் தூக்கிட்டுத்தான் கேள்வி கேக்கணும்"னு சொல்லிருச்சு. தூக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் கேக்க உடல.

கொஞ்சம் இருங்க, போன் அடிக்குது. ஊட்டுல இருந்துதான்.

சொல்லு சாமி. மீட்டிங் முடிஞ்சுருச்சா? செரி செரி. கொழந்த சாப்பட மாட்டேங்குதா, நான் வந்தாத்தான் சாப்படுமா? இதோ வந்துட்டே இருக்கறேன். இல்ல கண்ணு, வண்டி நின்னுட்டு இருக்குது... இல்லீல்ல, நான் எங்க பேசறேன்? நான் வாயே தொறக்கல. பக்கத்துல ஒரு தம்பி உக்காந்திருக்கறாப்ல. ஏறுன நேரத்துல இருந்து பேச்ச நிறுத்தவே மாட்டேங்கறாப்ல. சின்னப் பையன், மனசு நோகும்னு கேட்டுட்டு இருக்கறேன்.